காளான் சாண்ட்விச் இருக்க பி12 மாத்திரை எதற்கு?

தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு ஆச்சி மூன்று பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாமாம், "ஆச்சி என்றே போடுங்கள், இங்கே எல்லாரும் ஆச்சிதானே" என்று ஒரு வரி. அப்படியே ஆகட்டும்.

கடிதத்தின் சாரம் இது. வயது 46, பள்ளி ஆசிரியை, எடை 64 கிலோ. சுத்த சைவம், முட்டையும் கிடையாது. ஏழு வருஷமாகச் சர்க்கரை, காலையும் இரவும் மெட்ஃபார்மின். போன தடவை ரத்தப் பரிசோதனையில் பி12 குறைவு, ஹீமோகுளோபின் 10. டாக்டர் பி12 மாத்திரையும் இரும்பு மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். இரும்பு மாத்திரை மலச்சிக்கலில் கொண்டுபோய் விட, அந்தச் சமயம் பார்த்து ஆசிரியர் அறையில் ஒரு வாட்ஸப் செய்தி சுற்றி வந்திருக்கிறது: காளான் சைவர்களின் இறைச்சி, புரதம், இரும்பு, பி12, வைட்டமின் டி எல்லாம் அதிலேயே இருக்கிறது என்று. ஆச்சி இரண்டு மாத்திரையையும் நிறுத்திவிட்டார். நாலு மாதமாக இரவுப் பலகாரத்துக்குப் பதில் காளான் சாண்ட்விச் இரண்டு. 200 கிராம் காளான் பாக்கெட்டில் மூன்று சாண்ட்விச் வருமாம், மிச்சம் ஒன்று மகனுக்கு. பிரவுன் பிரெட், இரண்டு பக்கமும் வெண்ணெய், முட்டையில்லாத மயோனைஸ், ஒரு சீஸ் ஸ்லைஸ், நடுவில் வதக்கிய காளான். எடை குறையும் என்று பார்த்தால் ஒன்றரை கிலோ கூடியிருக்கிறது. கடைசிப் பக்கத்தில், ஏதோ சும்மா சொல்வதுபோல: "கொஞ்ச நாளாகப் பாதம் பஞ்சு மேல் நடக்கிற மாதிரி இருக்கிறது, வயசு காரணமாக இருக்கும்."

கூடவே உதிரிக் கேள்விகள். மாமியார் காளானை அடுக்களைக்குள் விட மாட்டேன் என்கிறார். வீட்டுக்காரருக்கு யூரிக் ஆசிட் இருக்கிறது. வேலைக்கு வரும் அம்மா மழை பெய்தால் புற்றுக் காளான் கொண்டுவந்து தருகிறார், அதையும் சாண்ட்விச்சில் வைக்கலாமா?

ஆச்சி, உங்கள் கடிதத்தை நான் கடைசிப் பக்கத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

பாதம் பஞ்சு மேல் நடப்பது

இதை வயசின் மேல் போடாதீர்கள். 46 ஒரு வயசே இல்லை. உங்கள் விஷயத்தில் இரண்டு காரணங்கள் சேர்ந்து நிற்கின்றன. ஒன்று சர்க்கரை, அது நீண்ட நாளில் பாதத்து நரம்பைத் தொடும். இன்னொன்று பி12 குறைவு, அதுவும் அதே நரம்பைத்தான் தொடும், அதே மரமரப்பு, அதே எரிச்சல். மெட்ஃபார்மினை வருஷக்கணக்கில் எடுப்பவர்களுக்கு பி12 உடம்பில் சேருவது குறையும் என்பது மருத்துவத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. நீங்களோ முட்டையும் தொடாத சைவம். அப்படி இருக்கையில் உங்களுக்கு பி12 குறையாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியப்பட்டிருப்பேன். எது எவ்வளவு காரணம் என்று சொல்ல டாக்டர் பாதத்தைத் தொட்டுப் பார்த்து, ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். நான் உணவு ஆலோசகர், கடிதத்தைப் படித்து அதைச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று சொல்வேன். பி12 குறைவால் வரும் நரம்புச் சேதம் சீக்கிரம் கவனித்தால் பெரும்பாலும் திரும்பும், வருஷக்கணக்கில் விட்டால் திரும்பாமலும் போகும். இந்த வாரமே போங்கள். மாத்திரையை நாலு மாதமாக நிறுத்தியதை மறைக்காமல் சொல்லுங்கள், திட்டினால் வாங்கிக்கொள்ளலாம், என்ன போயிற்று. இதைப் படித்துவிட்டு மெட்ஃபார்மினையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது அடுத்த தப்பு.

இப்போது அந்த வாட்ஸப் செய்திக்கு வருவோம். பொத்தான் காளான், அதாவது கடையில் வெள்ளையாக பாக்கெட்டில் வருவது, 100 கிராமில் பி12 சுமார் 0.04 மைக்ரோகிராம். நமக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 2 மைக்ரோகிராமுக்குச் சற்று மேல். கணக்கு வாத்தியாரிடம் கேட்டாலும் சொல்வார், தினம் 5 கிலோவுக்கு மேல் காளான் தின்றால்தான் கட்டுபடியாகும். ஒரு பெரிய டம்ளர் பால், 250 மில்லி, கிட்டத்தட்ட 1 மைக்ரோகிராம் தரும். சைவருக்கு பி12 என்றால் பாலும் தயிரும் மோரும்தான். அதுவும் ஏற்கெனவே குறைந்து போனவர்களுக்குப் போதாது, மாத்திரையோ ஊசியோ வேண்டும்.

இரும்புக்கும் இதே கதை. 100 கிராம் பொத்தான் காளானில் சுமார் அரை மில்லிகிராம். மாதவிடாய் நிற்காத பெண்ணுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் சொன்ன அளவு நாளைக்கு 29 மில்லிகிராம். நீங்கள் இரவில் சாப்பிடும் காளானில் ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. இரும்பு மாத்திரை வயிற்றைப் பிடித்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், வேறு வகைக்கு மாற்றுவார், ஒன்றுவிட்டு ஒரு நாள் எடுக்கச் சொன்னாலும் சொல்வார். காபியோடு மட்டும் விழுங்காதீர்கள், உள்ளே போன இரும்பை அது சேரவிடாது.

உங்கள் சாண்ட்விச்சைப் பிரித்துப் பார்ப்போம்

நீங்கள் செய்முறையை அழகாக எழுதி அனுப்பியதால் எனக்கு வேலை சுலபம். ஒரு சாண்ட்விச்சை மேசையில் பிரித்து வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள்.

பிரெட் இரண்டு துண்டு, 150 கலோரி. வெண்ணெய் நாலு முகத்திலும் தடவினால் ஒரு மேசைக்கரண்டி போய்விடும், 100 கலோரி. மயோனைஸ் ஒரு மேசைக்கரண்டி, பாட்டிலைப் பொறுத்து 50 முதல் 90. சீஸ் ஸ்லைஸ் ஒன்று 60. காளான்? 200 கிராமை மூன்றாகப் பிரித்தால் 65 கிராம் சொச்சம், அதில் 14 கலோரி. பதினாலு! சுமார் 400 கலோரியில் காளானின் பங்கு அவ்வளவுதான். இரண்டு சாப்பிட்டால் 800. ஒன்றரை கிலோ எங்கிருந்து வந்தது என்று இனி நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்று இட்லியும் சாம்பாரும் இதில் பாதிகூட வராது.

புரதத்தையும் பார்த்துவிடுவோம். பிரெட்டில் 5 கிராம், சீஸில் 4, காளானில் 2. இரண்டு சாண்ட்விச்சுக்கு 22 கிராம், உங்கள் எடைக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 53 கிராம் அளவு. மோசமில்லை, ஆனால் பேரை வாங்கியது காளான், வேலை பார்த்தது பிரெட்டும் சீஸும். "சைவ இறைச்சி" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்றால், காளானில் நூற்றுக்கு 92 பங்கு தண்ணீர், அந்தத் தண்ணீரை எல்லாம் வற்றடித்துக் காயவைத்த தூளில் கணக்குப் பார்த்தால் புரதம் ஏறிக்கொண்டு தெரியும். நாம் தூளைத் தின்பதில்லையே. பச்சைக் காளான் 100 கிராமில் புரதம் 3 கிராம், வேகவைத்த கொண்டைக்கடலையில் 8, 9 கிராம், பன்னீரில் 18 அளவு. நம் வீட்டு மொச்சை மண்டி ஒரு கிண்ணம் இந்த விஷயத்தில் காளானைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும், ஆனால் மண்டிக்கு யாரும் வாட்ஸப் செய்தி அனுப்புவதில்லை.

உப்பு இன்னொரு பக்கம். காளானில் சோடியம் இல்லை என்றே சொல்லலாம், 100 கிராமில் 5 மில்லிகிராம். ஆனால் பிரெட், சீஸ், உப்பு வெண்ணெய் மூன்றும் சேர்ந்து ஒரு சாண்ட்விச்சில் 600 மில்லிகிராம் போல வந்துவிடும். இரண்டு என்றால் 1200, நாள் முழுக்க 2000க்குள் இருக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். டப்பாவில் உப்புத் தண்ணீரில் ஊறி வரும் காளான் வாங்கினால் இதற்கு மேலும் ஏறும்.

அப்புறம் அந்தப் பிரவுன் பிரெட். பாக்கெட்டைத் திருப்பி, சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். எது அதிகமோ அதுதான் முதலில் இருக்கும், அது சட்டம். முதல் பெயர் மைதா என்றிருந்து, கடைசியில் கேரமல் நிறமி என்று ஒரு எண்ணோடு வந்தால், நீங்கள் வாங்கியது சாயம் பூசிய வெள்ளை பிரெட். முழுக் கோதுமை மாவு முதலில் இருப்பதை வாங்குங்கள். அதுவும்கூட நாலு துண்டு என்றால் உங்கள் சர்க்கரைக்கு அதிகம்.

பிறகு காளான் எதற்குத்தான் ஆகும்?

இவ்வளவு குறை சொன்னதும் காளானையே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எனக்கு அது பிடித்த பொருள். அதன் தலையில் ஏற்ற முடியாத மூட்டையை ஏற்றியதுதான் தப்பு.

சர்க்கரைக்காரர்களுக்கு அதைப்போல் தோதான உள்ளடக்கம் குறைவு. உருளைக்கிழங்கு மசாலா வைத்தால் 100 கிராமுக்கு 20 கிராம் மாவுச்சத்து, காளானில் 3 கிராம் சொச்சம். வயிறு நிறைந்த உணர்வும் வரும், மென்று தின்னவும் இருக்கும். வேகவைத்தாலும் குழையாது, ஏனென்றால் அதன் செல் சுவரில் இருப்பது கைட்டின், இறால் ஓட்டில் இருக்கும் அதே சரக்கு, சூட்டுக்கு அசையாது. பி குடும்பத்தில் பி12 இல்லாவிட்டாலும் ரிபோஃப்ளேவின், நியாசின், பான்டோதெனிக் அமிலம் மூன்றும் நல்ல அளவில் உண்டு. செம்பு, செலினியம், 300 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம். முக்கியமாக, நாக்குக்கு ஒரு தனி ருசி கொடுக்கும் குளூட்டமேட் அதில் இயற்கையாகவே இருக்கிறது, அதனால் உப்பையும் சீஸையும் குறைத்தாலும் சப்பென்று இருக்காது. நீங்கள் சீஸை மேலே போட்டு அந்த வசதியையே வீணாக்கிவிட்டீர்கள்.

வைட்டமின் டி விஷயத்தில் மட்டும் வாட்ஸப் செய்தி பாதி உண்மை. இருட்டு அறையில் வளர்ந்து பாக்கெட்டில் வரும் காளானில் டி கிட்டத்தட்ட இல்லை. ஆனால் அதில் எர்கோஸ்டெரால் என்று ஒன்று இருக்கிறது, வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டதும் அது வைட்டமின் டி2 ஆக மாறும், பறித்த பிறகும் மாறும். காளானை நறுக்கி முறத்தில் பரப்பி, பதினோரு மணிக்கு மேல் வளவில் மோர்மிளகாய் காயும் இடத்தில் ஓரமாக அரை மணி நேரம் வையுங்கள். 100 கிராமில் 10 மைக்ரோகிராம் அளவுக்கோ அதற்கு மேலோ டி ஏறும், சமைத்தாலும் பெரும்பகுதி நிற்கும். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் வைத்தால் பலிக்காது, நேர் வெயில் வேண்டும். ஈ மொய்க்காமல் மெல்லிய துணி போடலாம் என்று நினைப்பீர்கள், துணி கதிரையும் மறைக்கும், பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொள்ளுங்கள். டாக்டர் டி மாத்திரை கொடுத்திருந்தால் இதை அதற்கு மாற்றாக நினைக்க வேண்டாம்.

மாற்றிச் செய்வதானால்

சாண்ட்விச்சை விடச் சொல்லவில்லை, இரண்டை ஒன்றாக்குங்கள். வெறும் கடாயை நன்றாகக் காயவைத்து, நறுக்கிய காளான் 100 கிராமை எண்ணெய் இல்லாமலே போடுங்கள். சடசடவென்று தண்ணீர் விடும், மூடாதீர்கள், அந்தத் தண்ணீர் வற்றி விளிம்பு சிவக்கும்வரை காத்திருந்து பிறகு ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய், வெங்காயம், பூண்டு, தட்டிய மிளகு, சோம்பு. உப்பு கடைசியில். முதலிலேயே போட்டால் தண்ணீர் கொட்டி, வதங்குவதற்குப் பதில் வேகும், பிரெட்டும் நமுத்துப் போகும். இதோடு வேகவைத்து மசித்த கொண்டைக்கடலையோ பாசிப்பயறோ நாலு மேசைக்கரண்டி. மயோனைஸுக்குப் பதில் துணியில் கட்டித் தண்ணீர் வடித்த கெட்டித் தயிர், வெண்ணெய் வேண்டாம். கலோரி 340க்குள் அடங்கும், ஒரே சாண்ட்விச்சில் புரதம் 14 கிராம் வரும். படுக்கப்போகும் முன் சர்க்கரை போடாத பால் ஒரு டம்ளர். வாரத்தில் மூன்று நாள் இது போதும், மற்ற நாள் உங்கள் பழைய பலகாரமே பரவாயில்லை, தொட்டுக்கொள்ளக் கூட்டோ பயறோ கூட்டிக்கொள்ளுங்கள்.

பொத்தான் காளான்தான் வேண்டும் என்றும் இல்லை. அது குளிர் பிரதேசத்துச் சரக்கு, நம் ஊர் வந்து சேர்வதற்குள் பாதி வாடிவிடும். சிப்பிக் காளானும் பால் காளானும் நம் சமவெளியிலேயே வளர்கின்றன. பால் காளானில் ஏபிகே 2 என்ற ரகம் இங்கே பக்கத்து அருப்புக்கோட்டைப் பெயரில்தான் வந்தது, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. சிப்பியில் நார்ச்சத்து பொத்தானைவிட இரண்டு மடங்கு. பொத்தான் காளான் தின்றால் வயிறு உப்புகிறது என்பவர்களுக்கும் சிப்பி ஒத்துவருவதுண்டு, காரணம் பொத்தானில் மானிட்டால் என்ற சர்க்கரை வகை அதிகம். எந்தக் காளானையும் சமைத்தே சாப்பிடுங்கள். பச்சைப் பொத்தான் காளானில் அகாரிட்டின் என்று, உடம்புக்கு ஆகாதோ என்று சந்தேகப்படும் ஒரு பொருள் உண்டு, சூட்டில் குறையும். கடையில் பச்சையாகச் சீவி வைத்துத் தருவது ஒரு ஸ்டைல், அவ்வளவுதான்.

மழைக்கு முளைத்தது வேண்டாம்

வேலைக்கு வரும் அம்மா பாசத்தோடுதான் கொண்டுவருகிறார், அவருக்குப் புற்றுக் காளான் நன்றாகத் தெரிந்தும் இருக்கலாம். தலைமுறை தலைமுறையாக எடுத்துத் தின்றவர்கள் நம் பக்கம் இருக்கிறார்கள். ஆனாலும் என் பதில் வேண்டாம் என்பதுதான். உயிரைக் கொல்லும் காளான்கள் சில பார்க்க நல்ல காளான் மாதிரியே இருக்கும், நல்ல ருசியும் இருக்கும். வெள்ளிக் கரண்டி கறுக்கிறதா, பூண்டு நிறம் மாறுகிறதா, பூச்சி கடித்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனைகள் எதுவும் நம்பத் தகுந்தவை அல்ல. அமாட்டாக்சின் என்ற விஷம் எவ்வளவு வேகவைத்தாலும் போகாது. அதில் கொடுமை என்னவென்றால் உடனே தெரியாது, ஆறு மணி நேரம் கழித்தோ மறுநாளோ வாந்தி பேதி, பிறகு ஒரு நாள் சரியாகிவிட்ட மாதிரி இருக்கும், அப்புறம் ஈரல் போகும். காட்டுக் காளான் சாப்பிட்டவருக்கு வாந்தி வந்தால் நிற்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்காமல் 108ஐக் கூப்பிட வேண்டும், மிச்சக் காளானையும் கையோடு எடுத்துப்போக வேண்டும்.

வீட்டுக்காரரும் மாமியாரும்

யூரிக் ஆசிட்டுக்குக் காளான் ஆகாது என்று பல வீடுகளில் ஒதுக்குகிறார்கள். உடம்பில் யூரிக் ஆசிடாக மாறும் ப்யூரின் என்ற பொருள் காளானில் உண்டுதான், ஆனால் அமெரிக்காவில் 47 ஆயிரம் ஆண்களை 12 வருஷம் கவனித்து 2004இல் வெளியான ஆய்வில் இறைச்சியும் கடல் உணவும்தான் கவுட் வாதத்தோடு, அதாவது யூரிக் ஆசிட் கூடி மூட்டில் வரும் வலியோடு, சேர்ந்து வந்தன, ப்யூரின் உள்ள காய்வகைகள் சேர்ந்து வரவில்லை. பீரும் கவுட்டோடு சேர்ந்து வரும் என்பதை உங்கள் வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது என்பது உங்கள் சாமர்த்தியம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் அவருடைய டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாமியாரை வற்புறுத்தாதீர்கள். காளான் செடியும் இல்லை, பிராணியும் இல்லை, தனி இனம், அதனால் சைவமா என்ற சந்தேகம் அவருக்கு வருவதில் நியாயம் இருக்கிறது. அது தின்னாததால் அவருக்கு ஒரு சத்தும் குறையப் போவதில்லை. ஆனால் உங்களுக்குள் வைத்துக்கொள்ள ஒரு சங்கதி: அவர் குழம்புக்கு வறுத்துப் போடும் கல்பாசி இருக்கிறதே, அது பாசியும் பூஞ்சையும் சேர்ந்து ஒரே உடம்பாக வாழ்கிற ஒன்று. காளானுக்கு ஒருவகையில் பங்காளி. பிரெட்டை உப்ப வைக்கிற ஈஸ்ட்டும் பூஞ்சைதான். இதைச் சொல்லப்போய் அவர் கல்பாசியையும் நிறுத்திவிட்டால் என்னைக் குறை சொல்லக் கூடாது.

கழுவலாமா என்று ஓரத்தில் கிறுக்கியிருந்தீர்கள். கழுவலாம், தண்ணீரைக் குடித்துவிடும் என்பது சும்மா. சமைக்கும் முன் ஓடும் தண்ணீரில் மண் போக அலசித் துடைத்தால் போதும். கழுவி ஃப்ரிட்ஜில் வைத்தால்தான் வழவழத்துவிடும், அப்படி வழவழத்ததைக் குப்பையில் போடுங்கள். லேசாகப் பழுப்பேறியது மட்டும் என்றால் சமைக்கலாம்.